யானைச் சீட்டில் ஒரு சின்னம்

ஜமீன் திருவிழாவில் கிளி ஜோசியக்காரி பூச்சாயியைப் பிழைக்க விட்டால்தானே அந்த மனுஷன்! கிளி சீட்டை எடுத்ததுமே ஜமீன் பண்டிதர் அகோரமூர்த்தி குறுக்கே விழுவார். "இந்தப் படத்திலுள்ள பறவைக்கு மயில் என்று ஏன் பேர் வந்தது? சொல்!" சொன்னால் தப்பு என்பார். சொல்லாவிட்டால் அவரே நீட்டி முழக்குவார். குறி கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

அதோடு விட்டாரா? ஜமீன்தாரையே கூட்டிவந்து, "பேர் பிறந்த கதை தெரியாதவளுக்குச் சீட்டு எதற்கு? பிடுங்கிக்கொண்டு விரட்டுங்கள்" என்றார்.

பூச்சாயிக்குப் பொறுமை போயிற்று. "இது ஒண்ணுக்கு மட்டும் பேர் வந்த கதையை நீங்க சொல்லுங்க சாமி. நானே போயிடறேன்" என்று யானைச் சீட்டை நீட்டி, அதிலிருந்த ஒரு சின்னத்தைக் காட்டினாள். யானையின் தலைக்கு மேலே வெள்ளையாக ஒரு வட்டம், நடுவில் கரும்பச்சைப் புள்ளி.

பண்டிதர் அதைப் பக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சுவேதசக்கரம்! இந்திரன் வாயில் பிறந்த சொல். பூமியில் என் பாட்டனார் காதில்தான் முதலில் விழுந்தது."

"அப்படிங்களா? நாங்க கிளி எச்சம்னு சொல்லுவோம்" என்றாள் பூச்சாயி. "இப்பத்தான் போட்டுச்சு, இன்னும் காயலை. கண்ணைத் துடைச்சுக்குங்க சாமி."