பதினான்காம் தலைமுறைக்குக் காத்திருந்தவர்

வைகாசி விசாகத்தன்று காலையில் மடத்துக்கு வந்த பரஞ்சோதி செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. ஒன்று படியிலும் ஒன்று மண்ணிலுமாகக் கிடந்தது. அவ்வளவு கோபம்.

மடம் கொள்ளிடக் கரையில் இருந்தது. சிறிய மடம். குருவும் வயதில் பெரியவர் அல்ல. பரஞ்சோதிக்கு அறுபத்தொன்று, குரு அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பரஞ்சோதி, எந்தச் சந்தேகம் வந்தாலும் நேரே இங்கே வந்துவிடுவார். வீட்டில் ஒருத்தி இருக்கிறாளே, அவளிடம் கேட்கலாமே என்பது மட்டும் அவருக்குத் தோன்றாது.

அந்த ஒருத்தி, அவர் மனைவி தில்லைநாயகி, பின்னாலேயே வந்தாள். குருவைக் கும்பிட்டுவிட்டு நேரே சமையல்கூடத்துக்குப் போனாள். விசாகத்துக்கு அன்னதானம். அங்கே ஆள் குறைவாக இருந்தது.

"சாமி, இது பெரிய அநியாயம்" என்றார் பரஞ்சோதி.

"எது?"

"கம்ப்யூட்டர்."

"கம்ப்யூட்டர் என்ன பண்ணிச்சு?"

"ப்ராசசர்னு ஒண்ணு இருக்கு சாமி. கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி. அதுல வருஷத்துக்கு ஒரு தலைமுறைன்னு விடறான். பன்னிரண்டாம் தலைமுறை வாங்கலாம்னு கடைக்குப் போனேன். 'பதிமூணு வந்தாச்சு, இப்பப் போய் பன்னிரண்டா?'ன்னு கடைக்காரன் சிரிக்கிறான். சரி, பதிமூணுன்னு மனசைத் தேத்திக்கிட்டு வந்தா, பதினாலு வருதுங்கிறான். பதினாலைப் பத்தி வீடியோ பார்த்தா, 'பழைய சரக்குக்குப் புதுப் பேரு, ஏமாறாதீங்க'ங்கிறான் ஒருத்தன். 'அடுத்ததுக்குக் காத்திருங்க, அதுதான் நெசமாவே புதுசு'ங்கிறான் இன்னொருத்தன்."

"காத்திருந்தா?"

"அங்கதான் சாமி அயோக்கியத்தனமே இருக்கு! அடுத்ததுக்கு அடிப்பக்கத்தையே மாத்திட்டான். பழைய மதர்போர்டுல உட்காராது. போர்டை மாத்தணும். போர்டை மாத்தினா ராம்ங்கிற மெமரியையும் மாத்தணும். மூளையை மாத்தப் போனவனை உடம்பையே மாத்தச் சொல்றான். கேட்டா வளர்ச்சியாம்!"

"உங்க கோபம் நியாயம்தான்."

நியாயம்தான். நன்றாக ஓடுகிற பொருளைக் குப்பையாக்குவதற்கென்றே புதிதாக ஓர் எண்ணை ஒட்டி விற்கிறவர்களை நினைத்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? நேற்று வாங்கியவனை இன்றைக்கு ஏமாளியாக்கிவிட்டு, அதைக் கொண்டாட விளம்பரம் வேறு போடுகிறார்கள். பரஞ்சோதி கத்தியதில் ஒரு சொல்கூட மிகை இல்லை.

"யாருக்குக் கம்ப்யூட்டர்?" என்று கேட்டார் குரு.

"வீட்டுலதான் சாமி. அவளுக்கு."

தில்லைநாயகி கல்யாண ஆல்பம் போடுகிறவள். கும்பகோணத்து ஸ்டூடியோக்காரர் படங்களை அனுப்புவார். அவள் வீட்டில் உட்கார்ந்து அவற்றைப் பக்கம் பக்கமாக அமைத்துத் திருப்பி அனுப்புவாள். தாலி கட்டும் படம் எந்தப் பக்கம், மணமேடையில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்ற சித்தப்பாவை எந்த மூலையில் சின்னதாகப் போடுவது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சுற்றுவட்டாரத்தில் அவள் கைபட்ட ஆல்பம் இல்லாத பீரோ குறைவு.

"இப்ப எதுல வேலை செய்யறாங்க?"

"இப்ப செய்யலை சாமி."

"பழைய கம்ப்யூட்டர்?"

"வித்துட்டேன். தீபாவளி முடிஞ்ச கையோட. புதுத் தலைமுறை வந்துட்டா பழசைச் சீந்த ஆள் இருக்காது. அதான், மதிப்பு இருக்கும்போதே தள்ளிவிட்டேன்." இதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமைகூட இருந்தது.

"அது ஓடிக்கிட்டு இருந்ததா?"

"ஓடிச்சு. மெதுவா ஓடிச்சு. பெரிய ஃபைலைத் திறந்துவிட்டா, அது திறக்கறதுக்குள்ள காபியே போட்டுட்டு வந்துடலாம்னு சொல்லுவா."

அடுக்களையிலிருந்து பாத்திரம் வைக்கும் சத்தம் வந்தது. கொஞ்சம் பலமாகவே வந்தது.

"இன்னிக்குக் காலையில ஸ்டூடியோக்காரர் போன் பண்ணிட்டார் சாமி. 'பங்குனி வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். சித்திரை வேலையை வேற ஆளுக்குக் கொடுத்தேன். வைகாசி முகூர்த்தம் குவிஞ்சு கிடக்கு. நாளைக்குள்ள கம்ப்யூட்டர் வந்தா சொல்லுங்க, இல்லேன்னா இனிமே உங்களைக் கூப்பிடமாட்டேன்'ங்கிறார். என்ன மிரட்டல் இது? அவசரப்பட்டு வாங்கற பொருளா? நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும். பதிமூணா, பதினாலா, இல்லை அடுத்ததா?"

குரு எழுந்தார்.

"பூசணிக்காய் நறுக்க ஆள் இல்லை. முதல்ல அதைச் செய்யுங்க. பந்திக்கு நேரமாகுது."

அடுக்களைக்கு வெளியே சாக்கின்மேல் பூசணிக்காய்கள் கிடந்தன. பக்கத்தில் ஓர் அரிவாள்மணை. பரஞ்சோதி வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பாதிக் காய் நறுக்குவதற்குள் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"என்ன சாமி இது, சுத்த மொண்ணை! நறுக்கவே மாட்டேங்குது. காய் நசுங்குது."

"அப்படியா?" என்றார் குரு. அரிவாள்மணையை எடுத்துக்கொண்டார். "இருங்க. நல்லதா ஒண்ணு பார்க்கறேன்."

போனவர் வரவில்லை.

காவடி எடுத்து நடந்து வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்தார்கள். இலை போட்டாகிவிட்டது. சோறு வடித்தாகிவிட்டது. உள்ளே பருப்பு வெந்து காத்திருந்தது. ஒரு குழந்தை பசி தாங்காமல் இலையைக் கிழித்து வாயில் வைத்துக்கொண்டது.

"பூசணிக்காய் எங்க?" என்று உள்ளிருந்து தில்லைநாயகியின் குரல் கேட்டது.

பரஞ்சோதி குருவைத் தேடிக்கொண்டு ஓடினார். குரு படித்துறையில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி, அருவாமணை?"

"பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"எங்க பார்க்கறீங்க? இங்க உட்கார்ந்தா?"

"திருவிழாச் சந்தையில நல்ல எஃகுல வந்திருக்காம். ஆடிப்பெருக்குச் சந்தைக்கு அதைவிட நல்லது வருமாம். எதை வாங்கறதுன்னு யோசிக்கறேன்."

"ஆடிப்பெருக்கா! ஜனங்க இலை முன்னால உட்கார்ந்திருக்காங்க சாமி! அந்தப் பழசையாவது கொடுங்க."

"அதான் மொண்ணைன்னு சொல்லிட்டீங்களே."

பரஞ்சோதிக்கு வந்ததே கோபம். குரு என்றும் பார்க்கவில்லை, நல்ல நாள் என்றும் பார்க்கவில்லை. மடத்துக்கே கேட்கும்படி கத்தினார்.

"மொண்ணையா இருந்தா என்ன சாமி? அது கையில இருந்திருந்தா இந்நேரம் எல்லாத்தையும் நறுக்கிக் கொடுத்திருப்பேன்! வேற ஒண்ணு வர்றதுக்கு முன்னால, இருக்கிறதைப் பிடுங்கிக்கிட்டுப் போறதா? இது என்ன நியாயம்? நாலு பேர் பசிச்சுக் கிடக்கும்போது, நல்லது பார்க்கறேன் நல்லது பார்க்கறேன்னு ஒருத்தர் உட்கார்ந்திருக்கலாமா?"

சொல்லி முடித்துவிட்டுத் திரும்பினார். படித்துறையின் மேல்படியில் தில்லைநாயகி நின்றுகொண்டிருந்தாள். கையில் கரண்டி இருந்தது.

"என்ன சொன்னீங்க?" என்றாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் ஒரு படி கீழே இறங்கினார்.

"சொல்லுங்க. கேட்கறதுக்கு நல்லா இருக்கு."

பரஞ்சோதி தண்ணீரைப் பார்த்தார்.

அவள் குருவிடம் பேசினாள். "ஏழு மாசம் சாமி. எதுவா இருந்தாலும் பரவாயில்லை, பக்கம் திறந்தாப் போதும், வாங்கிக் கொடுங்கன்னு சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. 'உனக்கு ஒண்ணும் தெரியாது'ம்பார். நான் உட்கார்ந்து வேலை செஞ்ச நாற்காலியிலேயே உட்கார்ந்து நாள் முழுக்க வீடியோ பார்ப்பார். நான் ஆல்பம் போட்டிருக்க வேண்டிய பொண்ணுங்களுக்கெல்லாம் வளைகாப்பே முடிஞ்சுடும் போல இருக்கு. கம்ப்யூட்டருக்குன்னு இவர் எடுத்து வச்சிருக்கிற பணமும் என் பணம்தான். பாங்க் கார்டு மட்டும் இவர் பையில இருக்கு."

குரு எழுந்துபோய், படித்துறை மண்டபத் தூணுக்குப் பின்னாலிருந்து அரிவாள்மணையை எடுத்து வந்து பரஞ்சோதி முன்னால் வைத்தார். பரஞ்சோதி அதைத் தூக்கிக்கொண்டு அடுக்களைப் பக்கம் ஓடி, உட்கார்ந்து நறுக்கினார். காய் நசுங்கத்தான் செய்தது. சாம்பாரில் விழுந்த பிறகு அதை யாரும் கவனிக்கவில்லை. பசியோடு இருந்தவர்கள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

பந்தி முடிந்தது. தில்லைநாயகி கை கழுவிக்கொண்டு, புடவைத் தலைப்பில் துடைத்தபடி புறப்படத் தயாராக நின்றாள். பரஞ்சோதி குருவிடம் வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது. திருந்திவிட்டார் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

"தப்புதான் சாமி. இப்பவே கும்பகோணம் போயி வாங்கிடறேன்."

"நல்லது."

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பதிமூணா, பதினாலா?"

தில்லைநாயகி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

குருவின் முகம் சிவந்ததை மடத்தில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்று பார்த்தார்கள்.

"கார்டை எடுங்க" என்றார்.

பரஞ்சோதி எடுத்தார்.

"அவங்ககிட்ட கொடுங்க."

கொடுத்தார்.

"அம்மா, மூணு மணி பஸ்ஸு இருக்கு. கடை திறந்திருக்கும். போயிட்டு வாங்க."

தில்லைநாயகி கும்பிட்டாள். விறுவிறுவென்று நடந்தாள். வாசலுக்குப் போவதற்குள் ஸ்டூடியோக்காரருக்குப் போன் போட்டுவிட்டாள். "நாளைக்குக் காலையில படத்தை அனுப்புங்க சார்" என்று அவள் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

பரஞ்சோதி பின்னாலேயே போகக் கிளம்பினார்.

"நீங்க எங்க போறீங்க? உட்காருங்க."

"இல்லை சாமி, அவளுக்குத் தெரியாது. எதையாவது வாங்கிட்டு வந்துடுவா. நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே?"

"எனக்கு முன்னால இந்த மடத்துல எட்டுப் பேர் குருவா இருந்தாங்க. நான் ஒன்பதாவது" என்றார் குரு. "பத்தாவதா வர்றவர் என்னைவிட நல்ல பதிலாச் சொல்லுவார். அதுவரைக்கும் இங்கேயே காத்திருங்க."