ஆள்காட்டியின் ஒடியாத இறக்கை

யானையும் குருவியும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், ஆள்காட்டிக் குருவி ஒருத்தி புல்வெளியில் நாலு முட்டை இட்டிருந்தாள். அந்தக் காட்டுக்கு ராஜா கொம்பன் யானை. ஆள் வந்தால் அவள் கத்துவது ராஜாவின் தூக்கத்தைக் கெடுத்ததாம். ஒருநாள் கொம்பன் வந்தான். அவள் குறுக்கே விழுந்து கெஞ்சக் கெஞ்ச, நாலையும் ஒவ்வொன்றாக மிதித்தான்.

அவனிடமே போய் முறையிட்டாள். வேறு எங்கே போவாள்?

"முட்டையா? எந்த முட்டை?" என்றான். ஓட்டுத்துண்டு அவன் காலிலேயே ஒட்டியிருந்தது, பாவி.

மூன்று காடுகள் சேரும் ஏரிக்கரையில் ஒரு மன்றம் இருந்தது. ராஜாக்கள் செய்யும் அநியாயத்தை விசாரிக்க ஏற்பட்டது. நடுவர் ஒரு கிழட்டு ஆமை. ஆள்காட்டி அங்கே பறந்தாள்.

"முதலில் உன் காட்டில் கேட்டாயா?" என்றது ஆமை.

"கேட்டேன் ஐயா. மிதித்தவரேதான் விசாரித்தார்."

"அப்படியானால் நீ இங்கே வரலாம். ஆனால் இந்த மன்றத்தை ஏற்கும் ராஜா கரைச் சேற்றில் கால் பதிக்க வேண்டும். பார், சிறுத்தை பதித்திருக்கிறது, கடமான் பதித்திருக்கிறது. கொம்பன் பதிக்கவில்லை. அவனை விசாரிக்க எனக்கு அதிகாரம் இல்லை."

"அவராக வந்து எப்படி ஐயா பதிப்பார்?"

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. நல்ல நடுவர்!

ஆள்காட்டி திரும்பிப் போய், கொம்பன் கண்முன்னே ஓர் இறக்கையைத் தரையில் இழுத்தபடி நொண்டினாள். இவளையும் ஒழித்துவிடலாம் என்று அவன் துரத்தினான். நெருங்கும்போதெல்லாம் நாலடி தள்ளிப் போய் விழுந்தாள். அப்படியே ஏரிக்கரைவரை இழுத்து வந்துவிட்டாள். கொம்பனின் கால் சேற்றில் ஆழமாக இறங்கியது.

"பதிந்தது பதிந்ததுதான்," என்றது ஆமை. "எப்படி வந்தான் என்று நான் கேட்பதில்லை. இன்று முதல் கொம்பன் இந்த மன்றத்துக்குக் கட்டுப்பட்டவன்."

ஆள்காட்டி ஆமையின் முன்னே ஓடி வந்தாள். "இப்போதாவது என் முட்டைகளுக்கு நியாயம் சொல்லுங்கள் ஐயா."

"அது முந்தாநாள் நடந்ததல்லவா? கால் பதிந்தபின் நடப்பதைத்தான் நான் கேட்க முடியும். இனி யாருடைய முட்டையை அவன் மிதித்தாலும் அவர்கள் வரட்டும்."

"என் நாலு?"

ஆமை மறுபடியும் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

கொம்பன் அதன்பிறகு ஒரு கூட்டையும் தொடவில்லை. மற்றப் பறவைகள் பயமில்லாமல் முட்டையிட்டன. ஆள்காட்டி மட்டும் எந்த மன்றத்தையும் நம்பவில்லை. அன்று பிடித்த வழக்கம்தான்: எந்தக் கால் தன் முட்டைப் பக்கம் வந்தாலும், அது மிதிப்பதற்கு முன்பே, ஒடியாத இறக்கையை இழுத்துக்கொண்டு அவள் எதிரே போய் விழுகிறாள்.