படத்தில் இல்லாத வாளி

கடலோர நகரம் ஒன்றில், நகர வடிவமைப்பை ஆராயும் முதுகலைப் பள்ளி ஒன்று இருந்தது. கட்டடக் கலை படித்தவர்கள், பொறியாளர்கள், சமூகவியல் படித்தவர்கள், சட்டம் படித்தவர்கள் எல்லாரும் அங்கே ஒரே கூடத்தில் உட்கார்ந்து வேலை செய்தார்கள்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வரைந்த படத்தில் பேராசிரியர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், வேறு படிப்புப் படித்த மாணவர் ஒருவர் அதைப் பார்த்து, மூலையில் ‘புரிந்தது’ என்று எழுத வேண்டும். அந்தச் சொல் இல்லாத படத்தைப் பேராசிரியர் அமிர்தகௌரி கையில் வாங்க மாட்டார்.

தங்கமாரியப்பனின் படத்தில் அந்தச் சொல் இல்லை.

அவருக்கு ஐம்பத்தொரு வயது. பேராசிரியரைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். மாநகராட்சியில் உதவிப் பொறியாளராக இருந்துகொண்டு, படிப்பதற்காக இரண்டு ஆண்டு விடுப்பில் வந்திருந்தார். கூடத்தில் எல்லாருக்கும் அவர் ‘ஏ.இ. சார்’.

கிட்டங்கித் தெருவும் அதைச் சுற்றியுள்ள பத்துத் தெருக்களும் அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இடம். மழை பெய்தால் அங்கே முழங்கால் அளவுத் தண்ணீர் நான்கு நாள் நிற்கும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவரே அங்கே ஒரு வாய்க்கால் கட்டியிருந்தார். அது போதவில்லை. இப்போது அதைவிடப் பெரிதாக ஒன்று வரைந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மாநகராட்சி அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். ஏற்றுக்கொண்டால் மழைக்கு முன்னால் வேலை தொடங்கும். இல்லாவிட்டால் பதினோரு தெருவும் இன்னொரு மழைக்காலம் தண்ணீரில் நிற்கும்.

செவ்வாய்க்கிழமை காலை, சமூகவியல் படித்த பெனாசிர் அவருடைய படத்தைப் பத்து நிமிடம் பார்த்தாள்.

“சார், இந்தச் சிவப்புக் கோடு என்ன?”

“ஆய்வு எல்லை. அதுக்குள்ளதான் என் வேலை.”

“கோட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளையா இருக்கே?”

“அது தண்டவாளத்துக்குக் கிழக்க. என் ஏரியா இல்லம்மா.”

“அதான் சார் என் ஏரியா. நாப்பத்தாறு வீடு. மூணு மாசமா போயிட்டு வர்றேன்.”

“ரொம்ப சந்தோஷம். ‘புரிந்தது’ன்னு எழுது.”

“புரியலையே சார்.”

பக்கத்து மேசையில் சட்டம் படித்த ஜெபராஜ் தலையைத் தூக்கினான். “ஏ.இ. சார், இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல உங்க ஃபைலை இப்படி யாராச்சும் திருப்பி அனுப்பியிருக்காங்களா?”

“அனுப்பினவங்க எல்லாம் ரிட்டயர் ஆயிட்டாங்க” என்று சொல்லிவிட்டு, தங்கமாரியப்பன் படத்தைச் சுருட்டிக்கொண்டு பேராசிரியரின் அறைக்குப் போனார்.

“மேடம், வாய்க்கால்னா என்னன்னே தெரியாத பொண்ணு என் படத்தை நிறுத்தி வச்சிருக்கு.”

“என்ன கேட்டா?”

“கோட்டுக்கு அந்தப் பக்கம் என்னன்னு கேக்குது. ஒரு ஆய்வுன்னா எங்கயாவது கோடு போட்டுத்தானே ஆகணும்? இல்லன்னா கடல் வரைக்கும் போய்க்கிட்டே இருக்கும். நீங்களே சொல்லுங்க மேடம், கோட்டை எங்க போடுறது?”

அமிர்தகௌரி நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“உங்க மாடலை ஒரு தடவை ஓட விட்டுக் காட்டுங்க சார்.”

தங்கமாரியப்பனுக்கு முகம் தெளிந்தது. அந்த மாடலை அவர் இரண்டு மாதம் செய்திருந்தார். பிளைவுட்டில் பதினோரு தெரு. ஒவ்வொரு தெருவுக்கும் தண்ணீர் ஓடச் சரியான வாட்டம். தண்ணீர் ஊறாமல் இருக்க மேலே வார்னிஷ். புது வாய்க்கால் தெருக்களின் ஓரமாகவே வந்து, கிழக்கு விளிம்பில் முடியும். விளிம்புக்குக் கீழே ஒரு நீல வாளி எப்போதும் இருக்கும்.

கூடத்துக்கு வந்ததும் அவர் மக்கில் தண்ணீர் மொண்டார். “மூணு மக். ஐப்பசியில ஒரு நாள் மழைக்கு இதுதான் அளவு.”

அமிர்தகௌரி குனிந்து, நீல வாளியை எடுத்துத் தமக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

“மேடம், வாளி…”

“இது படத்துல இருக்கா?”

“இல்ல. தரை நனையக்கூடாதேன்னு சும்மா வைக்கிறது.”

“படத்துல இருக்கறது மட்டும் இருக்கட்டும். ஊத்துங்க.”

அவர் ஊற்றினார்.

தண்ணீர் அவர் கணக்குப் போட்ட வழியிலேயே ஓடியது. எங்கும் தேங்கவில்லை. நாற்பது விநாடியில் பதினோரு தெருவும் காலியாயின. பிறகு அது விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்தது.

கூடத்தின் தரைக்கும் ஒரு வாட்டம் இருந்தது. இத்தனை நாளாக அதை யாரும் கவனிக்கவில்லை, தங்கமாரியப்பனும் கவனிக்கவில்லை. தண்ணீர் இரண்டு மேசைகளுக்கு அடியில் புகுந்து, பெனாசிரின் நாற்காலியை நோக்கிப் போனது. அங்கே அவளுடைய துணிப்பை தரையில் இருந்தது.

“ஐயோ, என் நோட்டு!”

மற்றவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். “அத்துமீறி நுழைதல்” என்றான் ஜெபராஜ். யாரும் சிரிக்கவில்லை.

முதலில் பாய்ந்து போனவர் தங்கமாரியப்பன்தான். பையைத் தூக்கினார். அடிப்பக்கம் நனைந்துவிட்டது. உள்ளே இருந்த நோட்டை எடுத்து, தம் கைக்குட்டையால் பக்கம் பக்கமாக ஒற்றினார். படிக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. கண்ணில் பட்டது.

‘பன்னிரண்டாம் வீடு. கட்டில் கால்களுக்கு அடியில் இரண்டு செங்கல். முதல் செங்கல், வீட்டுக்காரருக்குக் கல்யாணம் ஆன வருடம் வைத்தது. இரண்டாவது, ஒன்பது வருடத்துக்கு முன்னால்.’

‘பதின்மூன்றாம் வீடு. இரண்டு செங்கல். இரண்டாவது, ஒன்பது வருடத்துக்கு முன்னால்.’

‘பதினான்காம் வீடு. கட்டில் இல்லை. மழை நாளில் பள்ளிக்கூட வராந்தாவில் படுக்கிறார்கள்.’

அவர் பக்கத்தைத் திருப்பினார். மறுபடியும் திருப்பினார்.

“எல்லா வீட்டுலயும் செங்கலை எண்ணினியாம்மா?”

“ஆமா சார். தண்ணி எவ்வளவு வந்துச்சுன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. செங்கல் மாத்திச் சொல்லாது.”

“இந்த ஒன்பது வருஷம்…”

“அப்போதான் தண்ணி ஜாஸ்தியாச்சாம். ஏன்னு அவங்களுக்குத் தெரியல. எனக்கும் தெரியல சார்.”

“எனக்குத் தெரியும்” என்றார் தங்கமாரியப்பன்.

அவர் நோட்டை ஜன்னல் ஓரத்தில் காய விரித்து வைத்தார். பிறகு மூலையிலிருந்த துணியை எடுத்துவந்து தரையைத் துடைத்தார். ஜெபராஜ் உதவிக்கு வந்தான். “இரு தம்பி” என்று அவனை நிறுத்திவிட்டு, மாடலின் விளிம்பிலிருந்து பெனாசிரின் நாற்காலிவரை முழங்காலிட்டே துடைத்துக்கொண்டு போனார்.

எழுந்தபோது அவருடைய பேண்ட் முழங்காலில் நனைந்திருந்தது.

“மேடம், கோட்டுக்கு இந்தப் பக்கம் பதினோரு தெரு. அந்தப் பக்கம் நாப்பத்தாறு வீடு. வெள்ளிக்கிழமை வரப்போகுது. நான் யாரைத் தண்ணியில விடுறது?”

அமிர்தகௌரி நீல வாளியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“இதை வரையுங்க சார்.”

தங்கமாரியப்பன் வாளியோடு மாடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பழைய சரக்குக் கிட்டங்கிகளுக்குப் பின்னால், சிவப்புக் கோட்டுக்கு உள்ளேயே, பள்ளமான ஒரு காலி மனை இருந்தது. வண்டிகள் நிறுத்துவதற்கென்று அதை மண் கொட்டி மேடாக்க அவர் திட்டமிட்டிருந்தார். மாடலில் அந்த இடத்தில் சாம்பல் நிற அட்டைத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. அவர் நகத்தால் அதன் ஓரத்தைக் கிளப்பினார். அட்டை முழுசாக வந்துவிட்டது. உள்ளே குழிவு இருந்தது.

அதன்மேல் நீல வாளியைப் பிடித்துப் பார்த்தார்.

“எவ்வளவு பெரிய வாளி மேடம்?”

“அந்த அளவு என்கிட்ட இல்ல சார்” என்றார் அமிர்தகௌரி. “ஜன்னல் ஓரத்துல காயுது.”