இடது பக்க விளக்கு

தாணுமாலயன் சீடராக வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபது கடந்திருந்தது. குரு அவரைவிடப் பல வயது இளையவர். தாணுமாலயன் போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவின் காலில் விழுந்து எழுந்த மறுநாளே ஆசிரமத்து கேட்டுக்குப் புதிதாக ஒரு பூட்டு வாங்கி வந்தார்.

"உள்ள எடுக்கதுக்கு என்ன இருக்கு?" என்று குரு கேட்டார்.

"ஒண்ணும் இல்லேன்னா பழைய பூட்டு எதுக்குச் சாமி தொங்குது?"

குரு சிரித்துவிட்டார். ஆசிரமத்தின் வரவு செலவு, ஆள் அம்பு எல்லாம் மெல்ல அவர் பொறுப்புக்கு வந்தன. எல்லோரும் அவரை இன்ஸ்பெக்டர் என்றே அழைத்தார்கள்.

ஆசிரமம் பணகுடிக்கு வெளியே, காற்றாலைகளுக்கு நடுவே இருந்தது. அங்கே ஒரு பழைய வெள்ளைக் கார் உண்டு. ஓட்டுவது இசக்கிராஜ். அவனும் மனைவியும் பன்னிரண்டாவது படிக்கும் மகளும் கார் கொட்டகைக்குப் பின்னாலிருந்த அறையில் குடியிருந்தார்கள்.

ஆடி மாதத்தில் காரின் இடது பக்கப் பின்விளக்கு அணைந்துபோனது. இசக்கிராஜ் பல்பை மாற்றினான். சில நாட்களில் மறுபடியும் அணைந்தது. மறுபடியும் மாற்றினான்.

"வலது பக்கம் ஏன் போகல?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"அதுவும் ஒருநாள் போவும் ஐயா."

"எப்பம் போவும்னு உனக்குத் தெரியுமோ?"

இசக்கிராஜ் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை இன்ஸ்பெக்டர் மனதில் வைத்துக்கொண்டார்.

இசக்கிராஜின் மைத்துனன் நாகர்கோவிலில் பழைய கார்களை வாங்கி விற்பவன். ஒருமுறை ஆசிரமத்துக்கு வந்தபோது காரைச் சுற்றி நடந்து பார்த்து, "இப்பமே தள்ளிவிட்டா நல்லது" என்று சொல்லியிருந்தான். மைத்துனனுக்காக இசக்கிராஜ் காரைக் கெடுக்கிறான் என்று சந்தேகப்பட இன்ஸ்பெக்டருக்கு அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் இசக்கிராஜ் சாப்பிடப் போன நேரம் பார்த்து அவர் அரக்குக் குச்சியும் மெழுகுவர்த்தியுமாகக் கொட்டகைக்குள் நுழைந்தார். இடது விளக்கைக் கழற்றிப் பல்பை மாற்றினால் தெரியும்படி அதன் அடியில் ஊசியால் அடையாளக் கீறல் போட்டார். திருப்பி மாட்டும்போது ஸ்குரூவைச் சுற்றி அரக்கை உருக்கி ஊற்றி விரலால் அமுக்கினார். ஸ்டேஷனில் சாட்சிப் பொருளுக்குச் சீல் வைத்த கை அது. யாராவது ஸ்குரூவைத் தொட்டால் அரக்கு உடையும். உடைந்தால் தெரிந்துவிடும்.

அரக்கு உடையவில்லை. ஆனால் விளக்குக்குப் பைத்தியம் பிடித்தது. பிரேக்கை மிதித்தால் பிரேக் விளக்கு அழுது வடிந்தது. பக்கத்தில் இருந்த மஞ்சள் இண்டிகேட்டர் எரிந்தது.

இசக்கிராஜ் வந்து சொன்னான்.

"கழத்திப் பாத்தாத்தான் தெரியும் ஐயா. நீங்க சீல் வச்சிருக்கியளே, நான் எப்படித் தொட?"

"தொடாம இருக்கும்போதே இப்படி. தொட்டா?"

அந்த வாரம் காவல்கிணறு பக்கம் ஓர் ஆடு சாலைக்குக் குறுக்கே ஓடியது. இசக்கிராஜ் பிரேக்கை மிதித்து வலது பக்கம் ஒடித்தான். பின்னால் வந்த லாரிக்காரன் மஞ்சள் விளக்கைப் பார்த்து, கார் இடது பக்கம் திரும்புகிறது என்று நினைத்து வலது பக்கம் ஏறி வந்தான். பின் பம்பரைப் பெயர்த்துக்கொண்டு போனான். குரு காருக்குள் இருந்தார். அவருக்கு அடியில்லை.

ஆசிரமத்துக்கு வந்ததும் இன்ஸ்பெக்டர் இசக்கிராஜிடமிருந்து கார் சாவியை வாங்கிக்கொண்டார். இரண்டு நாளில் அறையைக் காலி செய்யச் சொன்னார். பிறகு குருவிடம் போனார்.

"சாமி, உங்க உயிருக்கே ஆபத்து."

"ஆட்டாலயா?"

"விளையாடாதிய. இசக்கிராஜால. விளக்குல கை வச்சிருக்கான்."

"சீல் இருக்கே."

"அதான் சாமி. சீல் உடையாம கை வச்சிருக்கான். அப்பம் எப்பேர்ப்பட்ட ஆளா இருக்கணும்? என்னக் கண்டா டிக்கியப் படக்குன்னு மூடுதான். கொட்டகைக்குப் பின்னால போய் போன்ல குசுகுசுன்னு பேசுதான். நான் போனா கட் பண்ணிருதான். முன்னால வணக்கம் ஐயாம்பான், இப்பம் மூஞ்சியே பாக்க மாட்டேங்கான்."

"ம்."

"ஒருத்தன் நம்மள ஏமாத்துதானான்னு எப்படிச் சாமி கண்டுபிடிக்க? முப்பது வருசம் அந்த வேலையப் பாத்தவன் நான். இவன்ட்ட மட்டும் பிடி கிடைக்கல."

குரு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். சந்நியாசம் வாங்குவதற்கு முன் அவர் பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர்.

"வாங்க. வண்டியப் பாப்போம்."

கொட்டகையில் வெளிச்சம் குறைவாக இருந்தது. பின்னாலிருந்த அறையில் பாத்திரங்களைச் சாக்கில் போடும் சத்தம் கேட்டது. குரு இசக்கிராஜைக் கூப்பிட்டார். அவன் வந்து கதவோரமாக நின்றான். இன்ஸ்பெக்டரிடமிருந்து சாவியை வாங்கி அவனிடம் கொடுத்து, உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கச் சொன்னார்.

"இவனயேவா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வண்டி நிக்கத்தானே செய்யுது."

இசக்கிராஜ் மிதித்தான். சிவப்பு விளக்கு மங்கியது. மஞ்சள் எரிந்தது.

"இதுல யாரு களவாணி?" என்று குரு கேட்டார்.

இன்ஸ்பெக்டர் மஞ்சளைக் காட்டினார். "இவன்தான். எரிய வேண்டாத நேரத்துல எரியுதான்லா."

குரு அந்த மஞ்சள் விளக்கின் மூடியைத் திறந்து பல்பை உருவி இன்ஸ்பெக்டரின் கையில் கொடுத்தார்.

"பிடிச்சாச்சு. இன்னொருக்க மிதிப்பா."

சிவப்பு சரியாக எரியவில்லை. நம்பர் பிளேட்டுக்கு மேலிருந்த சின்ன விளக்கு இப்போது மினுங்கியது.

"இவனும் கூட்டா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவனையும் உருவவா?"

"உருவினா?"

"முன்னால ஒருத்தன் எரிவான். அவனையும் உருவலாம். கடைசில வண்டியில விளக்கே இருக்காது. களவாணியும் இருக்க மாட்டான்."

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த பல்பைப் பார்த்தார்.

குரு சுவர் ஆணியில் தொங்கிய ஒரு துண்டு வயரை எடுத்தார். ஒரு முனையைச் சிவப்பு விளக்கின் தகட்டில் வைத்தார். மறுமுனையை, பம்பர் பெயர்ந்த இடத்தில் வெளியே தெரிந்த இரும்பில் வைத்து அழுத்தினார். சிவப்பு பளிச்சென்று எரிந்தது. சின்ன விளக்கு அணைந்தது.

"என்ன செஞ்சிய?"

"திரும்பிப் போக வழி விட்டேன். கரண்டு வேலைய முடிச்சிட்டு இரும்பு வழியா பேட்டரிக்குத் திரும்பணும். வழிய அடைச்சா அடுத்த விளக்குக்குள்ள பூந்துதான் போவும். அந்த விளக்கு எரியும். எரியுதது அது செஞ்ச தப்பு இல்ல."

"அடைச்சது யாரு? அதச் சொல்லுங்க சாமி."

இன்ஸ்பெக்டர் இசக்கிராஜைப் பார்த்துக்கொண்டே கேட்டார். குரு ஸ்குரூ டிரைவரை அரக்கின் மேல் வைத்தார்.

"சாமி, சீல்!"

அரக்கு உடைந்தது. குரு ஸ்குரூவைக் கழற்றினார். ஸ்குரூவுக்கும் இரும்புக்கும் நடுவே, கரண்டு திரும்பிப் போகும் எர்த் வயர் உட்கார வேண்டிய இடத்தில், அரக்கு உருகி ஓடித் தட்டையாக உறைந்திருந்தது. அதைப் பெயர்த்து எடுத்து இன்ஸ்பெக்டரின் உள்ளங்கையில், மஞ்சள் பல்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

இன்ஸ்பெக்டர் அதைப் புரட்டிப் பார்த்தார். அதன் வெளி ஓரத்தில் அவருடைய விரல் ரேகை பதிந்திருந்தது.

குரு இரும்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். இசக்கிராஜ் பிரேக்கை மிதித்தான். சிவப்பு எரிந்தது. வேறு எதுவும் எரியவில்லை.

இன்ஸ்பெக்டர் மெதுவாகச் சொன்னார்: "இது என் தப்பு. ஒத்துக்கிடுதேன். ஆனா சீல் வைக்கதுக்கு முன்னாலயே பல்பு போச்சே சாமி. அது?"

"பழைய வண்டி. குலுங்கும். பல்பு போவும்."

"போன்ல குசுகுசுன்னு பேசுனது?"

குரு இசக்கிராஜைப் பார்த்தார். அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னான்.

"வேற வேலை கேட்டுட்டிருந்தேன் சாமி. வள்ளியூர்ல ஒரு ஸ்கூல் வேன்."

"பாத்தியளா!" என்றார் இன்ஸ்பெக்டர். "நான் போகச் சொல்லுததுக்கு முன்னாலயே போக ஏற்பாடு."

"எப்பத்திலேருந்து கேக்க?" என்று குரு கேட்டார்.

"ஐயா சீல் வச்ச அன்னைலேருந்து."

அறைக்குள் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. உள்ளே இருப்பவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

குரு பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் ஒரு பக்தர் கிடந்தார். மாலைக்குள் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் அதற்கு வாடகைக் கார் சொல்லி வைத்திருந்தார்.

"கிளம்புவோமா?" என்றார் குரு.

இசக்கிராஜ் சாவியை உருவிக்கொண்டு இறங்கினான். அதைப் பின் சீட்டில், குருவுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"வேண்டாம் சாமி. நாளைக்கு ஹார்ன் அடிக்காது. மறுநாள் வைப்பர் ஓடாது. ஐயா என்னத்தான் பாப்பாரு. எம்பொண்ணு பரீட்சைய முடிக்கட்டும்னு பல்லக் கடிச்சிட்டு இருந்தேன். இனி வேண்டாம். பொண்டாட்டியும் கட்டி வச்சிட்டா."

வெளியே காற்றாலை சுற்றும் சத்தம் வந்தது.

இன்ஸ்பெக்டர் ஜன்னலோரம் குனிந்தார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"சாமி, நான் சொல்லி இவன் நிக்க மாட்டான். எனக்கும் உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டேதான் இருக்கும், மறைக்க மாட்டேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இவன் யோக்கியன்னு சொல்லுங்க. அதோட விட்டிருதேன். செத்தாலும் கேக்க மாட்டேன்."

இசக்கிராஜும் குருவின் முகத்தைப் பார்த்தான்.

குரு யோசித்தார்.

"எனக்குத் தெரியாதே" என்றார்.

இசக்கிராஜின் முகம் வாடிவிட்டது.

"தெரியாமலா சாமி," என்று இன்ஸ்பெக்டர் கேட்டார், "இத்தன வருசமா இவன் வண்டியில ஏறிப் போறிய?"

"ஏறுததுதான் தெரியும். நாகர்கோவில் போற வழியில முப்பந்தல் தாண்டுததுக்குள்ள தூங்கிருதேன்."

இசக்கிராஜ் குனிந்து சீட்டிலிருந்த சாவியை எடுத்தான். இன்ஸ்பெக்டர் மேலே ஒன்றும் கேட்கவில்லை.