கலங்கிய கசிவு

அரசனைத் துரத்திய புரட்சிக்குத் தலைமை தாங்கி, பின்பு நாட்டையும் ஆண்ட தளபதி இரும்பொறை, துப்பாக்கி பிடித்த கைகள் இனி ஒதுங்கட்டும் என்று முடிவு செய்தார். படைக்குச் சம்பந்தமில்லாத இளையவர்கள் அமைச்சர்களானார்கள். சாலைகளும் பாலங்களும் ஆதனிடம் வந்தன, மின்சாரம் நப்பின்னையிடம். இருவரும் ஒரே கல்லூரியில் பொறியியல் படித்தவர்கள்.

ஆதன் பெரிய ஆற்றுக்குப் பாலம் கட்டினான். திறப்புவிழாவில் மாலை போட வந்தவர்களே, "நப்பின்னை அம்மா எங்க ஊருக்கு எப்பங்க கரண்ட் கொடுப்பாங்க?" என்று கேட்டார்கள். சிரித்தபடி பதில் சொன்னான். ஆனால் அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மலையடிவாரத்தில் நப்பின்னையின் அணை எழுந்தது. சாலை பார்க்கிற சாக்கில் ஆதன் அடிக்கடி அங்கே போனான். குறை தேடித்தான் போனான். அணையில் நீர் தேக்கத் தொடங்கியபின் ஒருநாள் கிடைத்தது. மண்கரையின் அடியில் நீர் கசிந்தது, அதுவும் கலங்கலாக. தெளிந்த நீரென்றால் பயமில்லை. கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள் அரிபடுகிறது என்று பொருள்.

அமைச்சரவைக் கூட்டத்தில் சொல்லிவிடத்தான் நினைத்தான். அதற்குள் தளபதி, வரப்போகும் முதல் தேர்தலில் நப்பின்னையே தலைமைக்குத் தகுந்தவள் என்றார். ஆதன் வாயைத் திறக்கவில்லை. ஊர் கூடிய இடத்தில் அவள் தலைகுனியட்டும் என்று காத்திருந்தான்.

அணையின் திறப்புவிழா நாளில், பெய்த மழையில் அது நிரம்பியிருந்தது. நப்பின்னை விசையை அழுத்தப் போன நேரத்தில் ஆதன் ஒலிபெருக்கியை வாங்கிக் கசிவைப் பற்றிச் சொன்னான். கூட்டம் திகைத்தது. அவள் அருகில் வந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"எப்போது பார்த்தீர்கள்?"

"மழைக்கு முன்பே."

அவள் அவன் கையிலிருந்த ஒலிபெருக்கியை வாங்கினாள். பிறகு மக்களிடம் திரும்பினாள்.

"ஆதன் சொல்வதை நம்புங்கள். கவனிக்காதது என் தவறு. இப்போதே மேட்டுக்குக் கிளம்புங்கள்."

மதகுகளைத் திறந்தும் பயனில்லை. மறுநாள் கரை உடைந்தது. வீடுகள் போயின. ஓர் உயிரும் போகவில்லை.

மக்கள் ஆதனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். இத்தனை நாள் ஏங்கிய பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் அது அவள் விட்டுக்கொடுத்த பெயர். பெருந்தன்மையிலும் அவளே முந்திக்கொண்டாளே என்று தோளின் மேலிருந்தபடியே அவன் வெந்தான். பின்னர் தளபதி விசாரித்தபோது ஆதன் உண்மையைச் சொல்லவில்லை. நப்பின்னையும் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. தேர்தலில் ஆதன் வென்றான்.

கதை கேட்டவர்களே, சொல்லுங்கள். பொறாமையோடு போய் ஊரைக் காத்தவனா, அவன் பொறாமையை ஊருக்கு மறைத்தவளா, இதில் யார் செய்தது சரி?

விடை: ஆதன் குறை தேடிப் போனது குற்றமல்ல, பொறாமைக் கண்ணில் பட்டாலும் கசிவு கசிவுதான். பார்த்தபின் காத்திருந்ததே குற்றம். அன்றே சொல்லியிருந்தால் அணையை நிரப்பியிருக்க மாட்டார்கள், வீடுகளும் பிழைத்திருக்கும். மேடையில் நப்பின்னை மறைத்தது சரி. அங்கே சச்சரவு கிளம்பியிருந்தால் ஜனங்கள் நகர்ந்திருக்க மாட்டார்கள். எல்லோரும் மேடேறிய பிறகும் மறைத்ததுதான் தவறு. தனக்குச் செய்த தீங்கை மன்னிக்க அவளுக்கு உரிமை உண்டு. வீடிழந்தவர்களுக்காக மன்னிக்கும் உரிமையை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை.