ஏழுமடைக்காரர்கள் கம்ப்யூட்டரில் மழை பெய்வித்தது

ஏழுமடை ஊரில் முட்டாள்களே கிடையாது. ஊர் நாடகக் குழுவைச் சேர்ந்த மூன்று பேர் கூடிப் பேசி, கைதூக்கி, ஏகமனதாகத் தீர்மானித்த விஷயம் இது. அந்த மூவரில் தெட்சிணா என்கிற தெட்சிணாமூர்த்திக்குத்தான் இந்தக் கதையில் கஷ்டகாலம். மற்ற இருவர் கலியபெருமாள் அண்ணனும் உத்திராபதியும். அவர்களுக்குக் கஷ்டம் வந்தாலும் தெரியாது, கொடுத்து வைத்தவர்கள்.

தெட்சிணாவுக்கு வேதவல்லி என்றால் உயிர். அவளுக்கும் அவன் மேல் அப்படித்தான். ஆனால் அவள் அம்மா குஞ்சம்மாள் இருக்கிறாளே, லேசுப்பட்டவள் இல்லை. போன வருஷம் நாடகத்தில் மழைக் காட்சி வந்தபோது முன்வரிசையிலிருந்தே சத்தம் போட்டாள்: "இதுவாய்யா மழை? முறத்துல பட்டாணிய உருட்டுறீங்க!"

உருட்டியவன் தெட்சிணா. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அடுத்த வருஷம் கம்ப்யூட்டர்ல மழை வரும் அத்தை, பாத்துக்கிட்டே இருங்க" என்று வாயை விட்டான்.

"வரட்டுமே. அதை மழைன்னு நான் நம்பிட்டா பொண்ணு உனக்கு. இல்லேன்னா டவுன் மைக் செட்டுக்காரனுக்குப் பேசி முடிச்சிடுவேன்."

சும்மா மிரட்டவில்லை. மைக் செட்டுக்காரன் வீட்டிலிருந்து ஏற்கெனவே பூவும் பழமும் வந்து போயிருந்தது.

தெட்சிணாவின் சித்தி மகள் யாழினி சென்னையில் சவுண்ட் டிசைன் வேலை பார்க்கிறாள். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை அனுப்பிவைத்து, போனிலேயே பாடம் நடத்தினாள்.

"அண்ணே, புரோகிராம் ஒரு வரிகூட எழுத வேண்டாம். திரையில பெட்டி பெட்டியா இருக்கும். மேல இருக்கிற பெட்டி இரைச்சல் போடும். நடுப் பெட்டி அதை வடிகட்டும். கீழ்ப் பெட்டி ஸ்பீக்கருக்கு அனுப்பும். ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்கு வயர் இழுத்து மாட்டுங்க, மழை வந்துரும்."

வயர் என்றதும் உத்திராபதி ஓடிப்போய் மெயினை அணைத்தான். பொறுப்பானவன். திரை இருண்டது.

"இப்பத் தொடலாம்" என்றான்.

"எதைத் தொடுறது? வயரையே காணோமே" என்றான் தெட்சிணா.

மெயினைப் போட்டார்கள். வயர் வந்தது.

"அய்யய்யோ தொடாதே, கரண்டு இருக்கு!"

அணைத்தார்கள். வயர் போனது. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் இதே கதைதான். கடைசியில் கலியபெருமாள் அண்ணன் மோர் குடித்து ஏப்பம் விட்டுவிட்டு நியாயம் சொன்னார்: "வயர் தெரியணும்னா கரண்டு வேணும். வயரைத் தொடணும்னா கரண்டு ஆகாது. ஆகையினால, தொடுறவன் உசுருக்குத் துணிஞ்சவனா இருக்கணும்."

இருவரும் தெட்சிணாவைப் பார்த்தார்கள். காதலித்தவன் அவன்தானே?

பாவம், குலசாமியைக் கும்பிட்டுவிட்டு மரப்பலகை மேல் ஏறி நின்றான். ரப்பர் செருப்பு போட்டு, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மவுஸைப் பிடித்தான். கண்ணை இறுக மூடி இழுத்தான். வயர் மாட்டியது, ஆளும் பிழைத்தான். உத்திராபதி அழுதே விட்டான், சோடா வாங்கிக் கொடுத்தான்.

ஆனால் சத்தம்தான் வரவில்லை.

"மேலேர்ந்து கீழே ஓடிவரணும் அண்ணே, சரியாப் பாருங்க" என்றாள் யாழினி.

ஓடிவர வேண்டும் என்றால் வாய்க்கால் மாதிரி சரிவாக வாட்டம் வேண்டாமா? கலியபெருமாள் அண்ணன் கொத்தனார் வீட்டிலிருந்து ரசமட்டம் வாங்கிவந்து மானிட்டர் மேல் வைத்துப் பார்த்தார். வாட்டம் போதவில்லை. பின்பக்கம் செங்கல் முட்டுக்கொடுத்தார்கள். அப்போதும் வரவில்லை.

பெட்டிகளை அவர்கள் முதலிலேயே ஆளுக்கொன்றாகப் பாத்தியப்படுத்திக்கொண்டிருந்தார்கள். இரைச்சல் பெட்டி மூத்தவர் கலியபெருமாளுக்கு. வடிகட்டி உத்திராபதிக்கு. ஸ்பீக்கர் பெட்டி தெட்சிணாவுக்கு.

"நான் கடைமடை. மேல இருக்கிறவங்க மறிச்சுக்கிட்டா எனக்கு எப்படி வந்து சேரும்?" என்றான் தெட்சிணா. வேதவல்லி மைக் செட்டுக்காரன் வண்டியில் ஏறிப்போவது கண்முன் தெரிந்தது.

"ஒரு சொட்டுச் சத்தம் நான் எடுக்கலடா. என் பெட்டி மேல சத்தியம்" என்றான் உத்திராபதி.

"அப்ப வடிகட்டினதெல்லாம் எங்க போச்சு?"

உத்திராபதி வீட்டில் பானை, சட்டி வரைக்கும் காதை வைத்துக் கேட்டார்கள். பிறகு முறை வைத்தார்கள்: காலையில் இரைச்சல் பெட்டிக்கு, மத்தியானம் வடிகட்டிக்கு, சாயங்காலம் கடைமடைக்கு. இடையில் யாரும் திருப்பிவிடாமல் இருக்கக் கலியபெருமாள் அண்ணன் மண்வெட்டியோடு திரைக்கு முன்னால் காவல் உட்கார்ந்தார்.

சாயங்காலமும் வறட்சிதான். யாழினியைக் கூப்பிட்டு முறையிட்டார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பெருமூச்சு விட்டு, "அண்ணே, ஓரத்துல ஆடியோ சுவிட்ச் இருக்கே, அதை ஆன் பண்ணீங்களா?" என்றாள்.

கலியபெருமாள் தலையில் அடித்துக்கொண்டார். "அடச்சீ! அணையையே தொறக்காம வாய்க்கால்ல நின்னு அடிச்சுக்கிட்டோமேடா!"

அணையை வெறுங்கையோடு திறக்கலாமா? சூடம் ஏற்றினார்கள். கீபோர்டு மேல் பூவையும் விதைநெல்லையும் தூவினார்கள். தெட்சிணா சுவிட்சை அமுக்கினான். 'சொய்ய்ய்' என்று வந்ததே ஒரு சத்தம்! உத்திராபதி கொல்லைக்கு ஓடி வாழையிலை அறுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"மழைடா அது" என்றான் தெட்சிணா.

"போடா. வடை சுடுற சத்தம் எனக்குத் தெரியாதா?"

வடிகட்டியை எப்படித் திருகியும் வடைதான் வந்தது. தெட்சிணா மனசு விட்டுப்போய், கம்ப்யூட்டரை அணைக்காமலே படுத்துவிட்டான். மறுநாள் காலை கலியபெருமாள் வீட்டுக் கோழி கம்ப்யூட்டர் இருந்த அறைக்குள் புகுந்து, கீபோர்டு இடுக்கிலிருந்த நெல்லைக் கொத்தித் தின்றது. கொத்தக் கொத்தப் பொத்தான்கள் அமுங்கி வடை அடங்கியது, நிஜத் தூறல் விழுந்தது.

போனில் கேட்ட யாழினி அசந்துபோனாள். "பிரமாதம்! யாருண்ணே பண்ணினது?"

"நம்ம கோழிதாம்மா."

"சரி, அப்படியே சேவ் பண்ணுங்க. இனிமே தொடவே தொடாதீங்க."

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைக்க வேறு கோழி பிடித்தார்கள்.

திருவிழா வந்தது. பள்ளிக்கூடத்து மைதானத்தில் மேடை, சாயங்காலம் நாலு மணி. வெயில் மண்டையைப் பிளக்கிறது. முன்வரிசையில் குஞ்சம்மாள், பக்கத்தில் நகத்தைக் கடித்தபடி வேதவல்லி. கலியபெருமாள் ராஜா வேஷத்தில் கைகூப்பி, "வருணபகவானே!" என்று வேண்டினார். மேடையோரம் தெட்சிணா சுவிட்சை அமுக்கினான்.

அதுவரை சின்ன ஸ்பீக்கரில் கேட்டது, இப்போது நாலு பெரிய ஸ்பீக்கரில் கொட்டியது. தூறல், சாரல், அப்புறம் அடைமழை. குஞ்சம்மாள் தன்னையறியாமல் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்! உடனே வெட்கப்பட்டு வானத்தைப் பார்த்தாள். பொட்டு மேகம் இல்லை. அட, ஜெயித்துவிட்டான் பயல் என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

மேடையைப் பார்த்தால் ஒருத்தரையும் காணோம். "களத்துல உளுந்து காயுதே!" என்று ராஜா கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு களத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார். பின்னாலேயே மந்திரி உத்திராபதி சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினான். தெட்சிணா பள்ளிக்கூடத்து வராந்தாவில் குடையோடு ஒடுங்கி நின்றான்.

குஞ்சம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு, கொளுத்துகிற வெயிலில் மைதானத்தைக் கடந்து அவனிடம் வந்தாள்.

"மாப்ளே, நான் தோத்துட்டேன். பொண்ணு உனக்குத்தான். வா, இப்பவே ஊர் முன்னாடி தாம்பூலம் மாத்திக்குவோம்."

தெட்சிணாவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. அவசரமாகக் குடையை நீட்டினான்.

"மொதல்ல ரெண்டு பேரும் மேல ஏறி வாங்க அத்தை, நனையாதீங்க. மழை விடட்டும், தாம்பூலம் எங்க போயிடப்போகுது?"

குஞ்சம்மாள் திகைத்துப்போய் மகளைத் திரும்பிப் பார்த்தாள். வேதவல்லி அதற்குள் வராந்தாவில் ஏறி, முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.