கோமளம் மிதித்த கறுப்புச் சேறு

ஏரிக்கரைக் காட்டில் கோமளம் என்றொரு கீரி இருந்தாள். சிங்க ராஜாவின் தானியக் களஞ்சியத்தில் அவளுக்குக் காவல் வேலை. சம்பளம் வருஷத்துக்கு நூறு கூடை தினை. சித்திரையில் மொத்தமாக அளந்து கொடுத்துவிடுவார்கள். ஆனால் நூறும் கைக்கு வருமா? எங்கே வரும்! ராஜாவின் பங்கைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் தருவார்கள்.

கோமளம் குடியிருந்தது பள்ளத்து வளையில். வாடகை பத்துக் கூடை. போன ஐப்பசியில் ஏரி நிரம்பி வழிந்து வளைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. நான்கு குட்டிகளில் மூன்றைத்தான் அவளால் கவ்விக்கொண்டு கரையேற முடிந்தது. நான்காவதை வெள்ளம் கொண்டு போய்விட்டது.

அழுது முடித்த அன்றைக்கே கோமளம் ஒரு முடிவு எடுத்தாள். "அடுத்த ஐப்பசிக்கு என் பிள்ளைங்க மேட்டு வளையிலதான் படுக்கும்!"

மேட்டு வளைக்குச் சொந்தக்காரர் முள்ளம்பன்றி. முள்ளைச் சிலிர்க்காமல் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

"முன்பணம் முப்பது கூடை! புரட்டாசியில வளை காலியாகும், வந்துக்கோ. வாடகை அடுத்த சித்திரையிலேர்ந்து வருஷத்துக்கு நாற்பது. பேரம் பேசாதே!"

"பேசலைங்க. முப்பதோட வர்றேன்" என்றாள் கோமளம்.

சித்திரை வந்தது. களஞ்சியத்துக் கணக்கரான கொக்கு, ஒற்றைக் காலில் நின்று அறிவித்தது.

"எல்லாரும் கேளுங்க! இந்த வருஷம் ராஜாவுக்குப் பங்கு கொடுக்க ரெண்டு வழி. பழைய வழியில, வளை வாடகையையும் சேமிப்புப் பொந்துல போடுற தினையையும் முதல்ல கழிச்சுக்கலாம். மீதியில பத்துக்கு மூணு ராஜாவுக்கு. புது வழியில கழிவே கிடையாது. மொத்தத்துல பத்துக்கு ரெண்டு, அவ்வளவுதான்! பழைய வழி வேணுங்கிறவங்க பௌர்ணமி அன்னிக்குச் சிவப்புச் சேத்தை மிதிச்சு ஓலையில காலடி வைக்கணும். புது வழிக்குக் கறுப்புச் சேறு. வச்ச காலடியை அந்த வருஷம் முழுக்க மாத்த முடியாது!"

"கணக்கரே, எந்த வழி நல்ல வழி?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"காலடியை எண்ணுறது என் வேலை. வழி சொல்றது என் வேலை இல்லை" என்றது கொக்கு. அலகை இறகுக்குள் செருகிக்கொண்டது.

அந்தக் களஞ்சியத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓலையில் காலடி வைக்கிற எந்தக் காரியமானாலும் மூத்த காவலாளி கரடி வீரணன் முதலில் வைப்பார். மற்றவர்கள் வரிசையாக வந்து, அவர் மிதித்த சேற்றையே மிதித்துவிட்டுப் போவார்கள். ஏன், எதற்கு என்ற கேள்வியே கிடையாது. அண்ணன் மிதித்தாரா? நாமும் மிதிப்போம்! காரியம் முடிந்தது.

கோமளத்துக்கு அடுத்த வளையில் இருந்த முயல் குட்டியப்பனும் அந்த ரகம்தான். அவனுக்கும் அதே சம்பளம், அதே வாடகை. வீட்டில் பன்னிரண்டு வாய்.

"அக்கா, இதுக்குப் போய் மண்டையைக் குழப்பிக்கிறீங்களே! வீரண்ணன் எதை மிதிக்கிறாரோ அதை மிதிச்சிட்டு வேலையைப் பார்ப்போம்" என்றான்.

"வீரண்ணனுக்கு மலைக்குகை, எனக்குப் பள்ளத்து வளை. அவர் கணக்கு எனக்கு எப்படிடா ஒத்துவரும்?" என்றாள் கோமளம்.

அந்த நேரம் பார்த்து நரி நல்லசிவம் வந்து சேர்ந்தான். சேமிப்புப் பொந்துக்கு ஆள் சேர்ப்பது அவன் தொழில். பேச்சில் தேன் ஒழுகும்.

"தங்கச்சி! பழைய வழிக்கு வா. பொந்துல முப்பது கூடை போடு. வாடகை பத்து. நாற்பது கழிஞ்சு போச்சா? மீதி அறுபது. ராஜாவுக்குப் பதினெட்டே கூடை! புது வழியில போனா இருபது அழணும். ரெண்டு கூடை லாபம்மா, ரெண்டு கூடை!"

"ஐயோ, ரெண்டு கூடை லாபமா!" என்று குட்டியப்பன் துள்ளினான்.

கோமளம் துள்ளவில்லை. "அண்ணே, பொந்துல போட்ட முப்பது எப்போ திரும்பி வரும்?"

"அது பத்திரமா இருக்கும்மா. பத்து மழை கழிச்சு, கொஞ்சம் கூடவே சேர்த்துத் தருவாங்க."

"பத்து மழையா! எனக்கு வர்ற மழையே தாங்காதே!"

"சரி, முப்பது வேண்டாம். பத்து போடு. வாடகை இருபத்தஞ்சுன்னு நானே ஓலை எழுதித் தர்றேன். யார் வந்து பார்க்கப் போறா?"

கோமளத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பாம்பையே களஞ்சியத்துக்குள்ள விடாதவ நான். நானே போய் ராஜாகிட்டத் திருடவா? கிளம்புங்க!"

நரி போனான். குட்டியப்பனைக் கையோடு கூட்டிக்கொண்டு போனான்.

கோமளம் ஏரிக்கரைக்குப் போய் நூறு கூழாங்கற்களைப் பொறுக்கினாள். ஒரு கல் ஒரு கூடை. மணலில் பரப்பி வைத்துக் கணக்குப் போட ஆரம்பித்தாள். அவளுக்குக் கணக்கு சுலபமாக வராது. மூன்று தடவை தப்பாகிப் போனது. குட்டிகள் வேறு குறுக்கே ஓடிக் கற்களைக் கலைத்துவிட்டன. அவள் விடவில்லை. மறுபடி பொறுக்கினாள், மறுபடி பரப்பினாள்.

நரி சொன்ன வழி முதலில். ராஜாவுக்குப் பதினெட்டு, வாடகை பத்து, பொந்துக்கு முப்பது. மீதி நாற்பத்திரண்டு கல். வயிற்றுப்பாட்டுக்கு நாற்பது போனால் மிச்சம் இரண்டே கல்.

பொந்தில் போடாமல் பழைய வழியில் போனால்? ராஜாவுக்கு இருபத்தேழு. எல்லாம் போக மிச்சம் இருபத்துமூன்று. முன்பணத்துக்கு ஏழு குறைகிறது.

கடைசியாகப் புது வழி. ராஜாவுக்கு இருபது, வாடகை பத்து, சாப்பாடு நாற்பது. மிச்சத்தை எண்ணினாள். முப்பது! நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினாள். முப்பதேதான்!

"அடப் பாவி நரி! ரெண்டு கூடை லாபம்னு காட்டி என் மேட்டு வளையையே முழுங்கப் பார்த்தானே!" என்று வாய்விட்டுக் கத்தினாள்.

பௌர்ணமி வந்தது. மாலை வெயிலில் நாவல் மரத்தடியில் எல்லாரும் கூடினார்கள். கரடி வீரணன் அசைந்து அசைந்து வந்து சிவப்புச் சேற்றை மிதித்து, ஓலையில் காலடி வைத்தார். அவர் பின்னால் மான், காட்டுப்பன்றி, முயல் குட்டியப்பன் எல்லாரும் சிவப்புச் சேறு. ஒவ்வொருவரும் பொந்தில் போட ஒப்புக்கொண்ட முப்பது கூடைக்கும் நரிக்கு மூன்று கூடை கமிஷன். அவன் வால் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

கோமளத்தின் முறை வந்தது. அவள் நேராகப் போய்க் கறுப்புச் சேற்றை மிதித்தாள்.

"ஐயையோ! வழி தவறிட்டா!"

"கோமளத்துக்குக் கணக்குத் தெரியலடோய்! ரெண்டு கூடை போச்சு!"

சிரிப்பு அடங்க வெகு நேரமானது. கோமளத்துக்கு முகம் சுருங்கிப் போனது உண்மைதான். ஆனால் காலைப் பின்னால் எடுக்கவில்லை. ஓலையில் நன்றாக அழுத்தியே வைத்தாள்.

ஆடி பிறந்ததும் குட்டியப்பன் வீட்டில் தினை தீர்ந்தது. பன்னிரண்டு வாயும் புல்லை மென்றன. கோமளமோ முன்பண முப்பதைத் தொடவே இல்லை. குட்டிகள் கெஞ்சிய நாளிலும் தொடவில்லை. புரட்டாசியில் முள்ளம்பன்றியிடம் கொண்டு போய் எண்ணி வைத்தாள்.

"பரவாயில்லையே! சொன்னபடி வந்துட்டியே" என்றார் அவர். அன்றைக்கு முள் சிலிர்க்கவில்லை.

ஐப்பசியில் ஏரி மறுபடி நிரம்பி வழிந்தது. குட்டியப்பன் வளைக்குள் தண்ணீர் ஏறியது. அவன் நனைந்தபடி நரியிடம் ஓடினான்.

"அண்ணே! என் முப்பது கூடையைத் திருப்பிக் கொடுங்க! மேட்டுல இடம் பிடிக்கணும்! பிள்ளைங்க தண்ணியில நிக்குதுங்க!"

"பத்து மழைன்னு சொன்னேனே தம்பி! இது முதல் மழைதானே?" என்று நரி கொட்டாவி விட்டான்.

குட்டியப்பன் மேட்டைப் பார்த்து ஓடினான். அவனைப் பார்த்ததும் கோமளம் வளையை விட்டு ஓடி வந்தாள். அவனோடு இறங்கி வந்து, முயல் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி மேலே கொண்டு போனாள். ஒன்றுகூடத் தவறவில்லை. கடைசிக் குட்டியைக் கீழே வைத்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த சித்திரை வந்தது. அதே நாவல் மரம், அதே கொக்கு. ஆனால் இந்தத் தடவை கரடியின் பின்னால் யாரும் போகவில்லை. எல்லார் கண்ணும் கோமளத்தின் மேல்!

வீரணனுக்கு வருத்தமாகிவிட்டது. "என்மேல என்னடா கோபம்? என் குகைக்கு வாடகையே முப்பது. மக கல்யாணத்துக்குன்னு பொந்துல வருஷா வருஷம் முப்பது போடுறேன். சாப்பாட்டுக்குச் சொந்தத் தேன்கூடு இருக்கு. எனக்குச் சிவப்புச் சேறுதான் சரி. ஏன் மிதிக்கிறேன்னு உங்கள்ல ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களா?"



குட்டியப்பன் கறுப்புச் சேற்றுக்கு மேல் காலைத் தூக்கிக்கொண்டு தயாராக நின்றான். "அக்கா, நீங்க மிதிங்க! பின்னாலேயே நானும் மிதிச்சிடறேன்!"

கோமளம் வந்தாள். கறுப்புச் சேற்றைத் தாண்டினாள். சிவப்புச் சேற்றில் காலை வைத்தாள்!

"அக்கா! என்ன அக்கா இது! போன வருஷம் கறுப்புச் சேறுதானே உங்களைக் காப்பாத்துச்சு?"

"என்னைக் காப்பாத்துனது சேறு இல்லைடா, கூழாங்கல்லு! இப்போ எனக்கு மேட்டு வளை. வாடகை நாற்பது. அதைக் கழிச்சா மீதி அறுபது, ராஜாவுக்குப் பதினெட்டு. கறுப்புல போனா இருபது. பொந்துல ஒரு மணிகூடப் போடாம எனக்கு ரெண்டு கூடை மிச்சம். இது என் கணக்கு. உன் கணக்கு என்ன?"

குட்டியப்பன் தூக்கிய காலை மெல்லக் கீழே வைத்தான். ஏரிக்கரைக்கு ஓடினான். நூறு கற்களைப் பொறுக்கிப் பரப்பி, காது இரண்டும் விறைக்க எண்ணினான். தப்பானது. மறுபடி எண்ணினான். கொக்கு ஓலையைச் சுருட்டப் போகிற நேரத்தில் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"பொந்து வேண்டாம்! பத்துக் கூடை வாடகைக்கு எனக்குப் புது வழிதான்! நானே எண்ணிப் பார்த்துட்டேன்!"

சொல்லிவிட்டுக் கறுப்புச் சேற்றில் நாலு காலையும் வைத்துக் குதித்தான்.

அவன் பின்னால் வரிசையில் யாரையும் காணோம். மானும் காட்டுப்பன்றியும் மற்றவர்களும் ஏரிக்கரையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நரி நல்லசிவம் மட்டும் தனியாக நின்றான்.

அடுத்தவருக்கு லாபமான வழி நமக்கும் லாபமாக இருக்கும் என்று நம்பாமல், நம் வரவையும் செலவையும் தேவையையும் நாமே எண்ணிப் பார்த்துத்தான் நம் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.